மூன்று ரோபோவும் பேசாத அப்பாவும்

ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் நானே நடுவில் புகுந்து ஏதாவது பேசிவிடுவேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும்.

என் தம்பியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிதான் வேண்டும். சிதம்பரத்திலிருந்து மாமா வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று அப்பா, சித்தப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டார். தாமதமாக வந்த மாமா கை நனைக்காமல் திரும்பிப் போனார். அதோடு பேச்சு நின்றது. அம்மாதான் நடுவில் தவித்தாள்.

மாதங்கள் கழித்து, என்னைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு மாமா கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அவருடைய செல்போன் கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் கொடுத்த விளையாட்டு. வேற்றுக் கிரகத்தில் சண்டை. அவருக்குப் பீரங்கி வைத்த மூன்று பெரிய ரோபோக்கள். எனக்குக் கடப்பாரையோடு ஒரு கூட்டம் சுரங்கத் தொழிலாளிகள். தொலைந்துபோன ஆட்களுக்குப் பதில் முந்திரிக்கொட்டைகள். மேசையின் மறுகோடியில் நிற்கும் ராக்கெட்டில் என் ஆள் ஒருத்தராவது ஏறிவிட்டால் எனக்கு ஜெயம். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அந்த விதிகள் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

பயத்தில் என் ஆட்களை எல்லாம், கவிழ்த்து வைத்திருந்த டம்ளருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“பாப்பா, அங்கியே குந்திகினு இருந்தா எப்புடி? சைடுல ஓடுவோம்னு ஒங்க மாமாகிட்ட சொல்லு.”

“ஓடுனா சுட்டுருவேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா.”

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த இருவருக்கும் நான் அச்சுப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது பார்த்து அம்மா பூண்டு உரிக்கக் கூப்பிட்டாள். போனால் அடுப்படியில் ஒரு கிண்ணம் நிறைய உரித்த பூண்டு. உரிக்காததை இன்னொரு கை அள்ளி என் முன்னால் போட்டுவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தாள். நான் இல்லாமல் யார் யாருக்குச் சொல்வது? எனக்கு அழுகையே வந்தது. அம்மா குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

“பாப்பா எங்க?” அப்பாவின் குரல்.

“அக்கா கூப்புட்டுச்சு மாமா.”

அக்காவின் புருஷனை அவர் ‘மாமா’ என்று கூப்பிட்டே எத்தனையோ மாதமாகியிருந்தது.

“அப்ப நானே நவுத்துறேன். கைய எடு மச்சான்.”

கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல்.

“மாமா, இது போங்கு! முந்திரிக்கொட்ட அவ்ளோ தூரம் ஓடாது!”

“பண்ருட்டிக் கொட்டைடா, ஓடும்!”

நான் வெளியே ஓடிவந்தபோது மேசையில் என் ஆள் ஒருத்தர்கூட மிச்சமில்லை. சீட்டாட்டத்தில்கூடத் தோல்வியை ஒத்துக்கொள்ளாத அப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுப்படிக்கே திரும்பி ஓடினேன்.

“எங்காளுங்கள எல்லாம் அப்பா சாவடிச்சிட்டாரும்மா!”

“சாவட்டும் உடு,” என்றாள் அம்மா, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு. “மாமாவுக்கும் தட்டு வை, போ.”

ஒரு படையே அழிந்து கிடக்க, இந்த வீட்டில் யாருக்கும் கவலையில்லையே என்று நான் அழுதுகொண்டே தட்டை வைத்தேன்.