பன்னிரண்டு மணிக்கு வந்த வெல்டர்

திருவெறும்பூரில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். போன வருடம் சேகர் என்று ஒருவர் வேலை கேட்டு வந்தார். அவர் இரும்புக் கேட் செய்தால் வெல்டிங் வைத்த இடமே தெரியாது, அவ்வளவு சுத்தம். ஆனால் தினமும் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். கேட்டால், "வீட்ல கொஞ்சம் வேலைங்க" என்பார். மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன சத்திரமா, நெனச்ச நேரத்துக்கு வர்றதுக்கு? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். சேகர் பைக் திருடி மாட்டிக்கொண்டாராம்.

"பழைய திருட்டுக் கேஸ்ல ஜாமீன்ல இருந்தான் சார். தினம் காலையில பத்தரைக்கு ஸ்ரீரங்கம் வந்து ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். உங்களுக்குத் தெரியாதா?"

அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்தால் பன்னிரண்டு ஆகத்தான் செய்யும். மறுபடி திருடாமல் இருப்பதற்காக வாங்கிய கையெழுத்தே அவர் வேலையைக் கெடுத்ததா? காரணம் தெரியாமல் துரத்திய நான் கெடுத்தேனா? வேலை இருந்தாலும் திருடியிருப்பாரோ? உண்மையைச் சொல்லியிருந்தால் நான்தான் சேர்த்திருப்பேனா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

இப்போது ஆள் எடுக்கும்போதே, "ஸ்டேஷன் கையெழுத்து ஏதும் இருந்தா சொல்லிடுங்க, மத்தியானம் வந்தா போதும்" என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்குங்க" என்றார். சேர்த்துக்கொண்டேன். மத்தியானம் அவர் பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம், என் கை தானாகப் போய்ப் பைக் சாவியைத் தொட்டுப் பார்க்கிறது.