நவமியில் பார்த்த கடல்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சாகி இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு மறதி கிடையாது. அதைத்தான் எழுதப் போகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

வீட்டுக்காரர் போனதிலிருந்து, அமாவாசைக்கு அமாவாசை கடற்கரைக்குப் போய் ஒரு கற்பூரம் கொளுத்தி, கால் நனைத்துவிட்டு வருவேன். கொரட்டூரில் விடிகாலை ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துத் தனியாகத்தான் போவேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய அமாவாசை அன்றைக்கும் ஆறரை மணிக்கெல்லாம் மணலில் இருந்தேன். அலை எட்டாத இடமாகப் பார்த்துப் பையையும் செருப்பையும் வைத்தேன். காய்ந்த மணல். கையால் தொட்டுப் பார்த்தே வைத்தேன். மேலே பூ விற்கிறவள் எனக்குப் பழக்கம். அவளோடு பேச உட்கார்ந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. திரும்பி வந்தால் பை வைத்த இடத்தில் தண்ணீர். ஒற்றைச் செருப்பு மட்டும் நுரையில் புரண்டுகொண்டிருந்தது. பையில் இருந்தது வீட்டுச் சாவி.

என் மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். வேலையை விட்டு வந்து பூட்டை உடைத்தான். உடைத்துக்கொண்டே சொன்னான்: "ரயில்லயே உட்டுட்டு வந்துகிற. ஊர்ல மழை இல்ல, புயல் இல்ல, கடலு எதுக்கு மேல ஏறி வந்து உன் பைய தூக்கினு போவுது? வயசாய்ட்ச்சும்மா. இனிமே நீ தனியா எங்கயும் போவாத."

புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வந்தது. மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. மூன்றாவது எனக்கு இல்லை, மாடியில் குடியிருக்கும் டீச்சருக்கு. கொத்தனார் வேலைக்குச் சிமெண்டு சட்டி தூக்கி நான் கட்டிய வீடு அது. கடைக்குப் போய்வந்து, மாடிப்படி ஏறி, "சாவி குடும்மா" என்று கேட்க வேண்டும்.

மழையில்லாமல் ஏரி ஏறாது, அது எனக்கும் தெரியும். கொரட்டூர் ஏரியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அப்படியானால் கடல் எப்படி ஏறியது? சாவி கேட்கப் போன ஒரு நாள் டீச்சரையே கேட்டேன்.

"நிலா இழுக்குதும்மா," என்றாள் அவள்.

"அப்ப ஏரிய ஏன் இழுக்கல?"

"ஏரி சின்னதும்மா. மொத்த ஏரியையும் ஒரே மாதிரி இழுக்கும், அதனால தெரியாது. கடல்தான் பூமியையே சுத்தி கிடக்கு. நிலாவுக்குக் கிட்ட இருக்கிற தண்ணி எழும்பும். பூமி சுத்தும்போது நம்ம ஊர் அந்த மேட்டுக்குள்ள போகும், அப்புறம் வெளிய வரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை."

"நிலா ஒண்ணு, ஏத்தம் மட்டும் ரெண்டா?"

"அந்தப் பக்கமும் ஒரு மேடு இருக்கும்மா."

"நிலா இந்தப் பக்கம் கீது, தண்ணி அந்தப் பக்கம் இன்னாத்துக்கு ஏறுது?"

"புஸ்தகத்துல அப்படித்தான் படம் போட்டிருக்கும்," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. படித்தவளே படத்தைக் காட்டித் தப்பித்தால் நான் யாரிடம் போவது? மூன்றாம் நாள் அவளாகவே இறங்கி வந்தாள். "ரயிலேறும்போது நீங்க மருமக கையைப் பிடிச்சு இழுக்கிறீங்க, மருமக பின்னாடி பிள்ளை கையைப் பிடிச்சிருக்கா. என்ன ஆகும்?"

"நான் முன்னால பூடுவேன், அவ நடுவுல வருவா, புள்ள பின்னால நிக்கும்."

"ரயில்தான் நிலா. நீங்க இந்தப் பக்கத்துத் தண்ணி, மருமக பூமி, பிள்ளை அந்தப் பக்கத்துத் தண்ணி. கிட்ட இருக்கிறதை நிலா அதிகமா இழுக்குது. பூமியைக் கொஞ்சம் கம்மியா. கடைசித் தண்ணியை இன்னும் கம்மியா. அது பின்தங்கி நிக்கிறதுதான் அந்தப் பக்கத்து மேடு."

புரிந்தது. புரிந்ததும் மகனிடம் போனேன். "வா, கண்ணால பாரு," என்றேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அடுத்த ஞாயிறே அவனை இழுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கடற்கரையில் நின்றேன். அலை தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டேன். "இது முழுவும் பாரு," என்றேன்.

உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். ஒன்றரை. அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். குச்சி முழுகவில்லை. முழுகாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் பின்னால் போய், குச்சியைச் சுற்றி மணல் காய ஆரம்பித்துவிட்டது.

"இன்னாம்மா, நிலா லீவா இன்னிக்கி?" என்றான்.

ரயிலில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் போலிருந்தது. அவன் முன்னால் அழுவேனா?

செவ்வாய்க்கிழமை தெருவில் மீன் கொண்டுவருகிறவளிடம் சொன்னேன். காசிமேட்டுக்காரி. சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம இன்னா திதி யக்கா?"

காலண்டரைப் பார்த்தேன். நவமி. சிமெண்டு மூட்டை இறக்கவும் நாள் பார்த்தவள் நான். காது குத்தவும் கடன் கேட்கவும் அட்டமி நவமி பார்த்தவள். மகனுடைய லீவைப் பார்த்த அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

"அட்டமி நவமில கடலு சோம்பேறி யக்கா. ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது. அமாவாசையும் பவுர்ணமியும்தான் அதுக்குப் பவுசு. அதுவும் ஒரே நேரத்துக்கு வராது. தினம் முக்கா மணி தள்ளித் தள்ளி வரும். அமாவாசைக்குக் காலைல எட்டு ஒம்போதுக்கு ஏறின தண்ணி, நவமிக்கு சாயங்காலமா பூடும். ராத்திரி ஏத்தம் விடியறதுக்கு முன்னாலயே ஏறி எறங்கிடும். ஞாயித்துக்கெழமைக்கும் கடலுக்கும் இன்னா சம்பந்தம்?"

டீச்சரும் ஆமாம் என்றாள். அமாவாசையிலும் பவுர்ணமியிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அட்டமி வாக்கில் ஒன்றுக்கு ஒன்று குறுக்கே இழுத்துக் காரியத்தைக் கெடுக்கும். வீட்டில் நடக்கிற மாதிரிதான்.

இரவுச் சாப்பாட்டில் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் எதையோ தட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "சரிம்மா, ஏறித்தான் கீது, ஒத்துக்கறேன்," என்றான். நான் நிமிர்வதற்குள், "ஆனா ஏறும்னா நீ இன்னாத்துக்கு அங்க போயி வெச்ச? அதுவும் கவனம் இல்லாததுதான?" என்றான்.

பாருங்கள். கடல் ஏறவில்லை என்றபோதும் என் தப்பு. ஏறியது என்றாலும் என் தப்பு.

"எனக்குத் தெரியாதுடா," என்றேன். "தெரியாததும் மறக்கறதும் ஒண்ணா? உனக்குந்தான் தெரியல. உன் சாவிய எவன்னா புடுங்கினானா?"

மருமகள் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாவியும் இன்னும் மாடியில்தான் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அமாவாசை. நான் போகப் போகிறேன். போகட்டுமா என்று கேட்கமாட்டேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன்.