சந்தனப் பொட்டு வைத்த ஸ்விட்ச்

எங்கள் முதலாளியின் மருமகனை 'அவர்' என்று எழுதித்தான் தொடங்கினேன். ஒரு வரிகூட ஓடவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்தவன், பெண் கட்டிய உரிமையில் திருநெல்வேலிக்கு வந்து, நாலு மாடி ஜவுளிக்கடையின் கணினிகளுக்கெல்லாம் தலைவனாக உட்கார்ந்துவிட்டான். கடையில் எல்லோரும் மாப்பிள்ளை சார் என்பார்கள். அவன் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்ட ஒரு சுவர் போதவில்லை. நான் அவனுக்குக் கீழே வேலை பார்த்தேன்.

மூன்றாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் இருந்தது ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. கடையின் அத்தனை கணினி வயர்களும் வந்து சேருகிற பெட்டி. பில் போடும் கணினிகளுக்கு ஒரு பாதை, விலைகள் இருக்கும் சர்வருக்கு ஒரு பாதை, கேமராக்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து, யார் யாரோடு பேசலாம் என்று தீர்மானிப்பது அதுதான். அந்த ஒழுங்கை அதற்குள் எழுதி வைத்தவன் மாப்பிள்ளை சார். பாஸ்வேர்டும் அவன் ஒருத்தனுக்கே தெரியும். கேட்டால், "அதெல்லாம் உங்க லெவலுக்கு வேண்டாம்" என்பான். லெவலாம், பெரிய லெவல்!

அந்த அறையைப் பெருக்கித் துடைக்க ஓர் அம்மா இருந்தார். இவரை 'அவர்' என்று எழுத எனக்கு ஒரு தடையும் இல்லை. மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர். எஸ்டேட்டை மூடுவதாகச் சொல்லி, கம்பெனி கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோரையும் கீழே அனுப்பியபோது இவரும் இறங்கினார். புருஷனுக்கு இடுப்பு போய்விட்டதால், வாடகை வீட்டில் இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் கடையில் தையல் மிஷின் முதல் லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் ஓய்வு, பொட்டு, பூ, பொரி. எந்த மிஷினும் ஓடக் கூடாது என்பது முதலாளியின் வழக்கம். ஸ்விட்ச் மட்டும் யூ.பி.எஸ். புண்ணியத்தில், மாட்டிய நாள் முதல் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அணைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சாருக்கு அன்று பக்தி பொங்கிவிட்டது. யூ.பி.எஸ். பொத்தானைத் தன் கையாலேயே அமுக்கினான். "ஏம்மா, நல்லாத் துடைச்சுப் பொட்டு வை" என்றான். அந்த அம்மா துடைத்து, சந்தனம் குழைத்து, பெட்டியின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தார். அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விஜயதசமி. தீபாவளித் துணி எடுக்க நாங்குநேரியிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் வேன் பிடித்து வந்த குடும்பங்கள் காலையிலேயே நிறைந்துவிட்டன. ஒரு பில்லும் வரவில்லை. யூ.பி.எஸ்.ஸைத் திரும்பப் போட்டாயிற்று, ஸ்விட்சில் விளக்குகளும் மினுக்கின. ஆனால் பில் கணினி எதற்கும் சர்வர் தெரியவில்லை. கீழே சனம் கத்தியது. மாப்பிள்ளை சார் அறைக்குள் ஓடி வந்து, பெட்டியைப் பார்த்து, பொட்டைப் பார்த்து, உடனே கண்டுபிடித்துவிட்டான்.

"மாமா, இந்தம்மா சந்தனத் தண்ணிய உள்ள விட்டுருச்சு. பெட்டி போச்சு!"

முதலாளிக்கு வேறென்ன தெரியும்? "ஏம்மா, கணக்க முடிச்சிட்டுப் போயிரு" என்றார். அந்த அம்மா முந்தின நாள் சந்தனக் கிண்ணத்தைக் கழுவ எடுத்த கையோடு நின்றார். "மொதலாளி, சார்தான் வைக்கச் சொன்னாவ" என்றார். யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மடிக்கணினியைப் பெட்டியில் இணைத்தேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை! கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்ததுபோல வெறுமையாகத் திறந்துகொண்டது. அட கூறுகெட்டவனே என்று மனசுக்குள் சொன்னேன். இந்தப் பெட்டிக்கு இரண்டு நினைவு உண்டு. ஒன்று கரண்ட் இருக்கும்வரை, மற்றது கரண்ட் போனாலும் நிற்பது. எழுதி முடித்ததும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிச் சேமிக்க ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். இந்த வேலை படிக்க வருகிறவனுக்கு முதல் வாரம் சொல்லித் தருகிற வரி. சட்டம் போட்ட அத்தனை சான்றிதழ்களுக்கும் சொந்தக்காரன் அதை அடிக்கவே இல்லை.

பில் கணினிகளின் நெட்வொர்க் முகவரிகள் எனக்கு அத்துப்படி. வேண்டிய வரிகளை மடிக்கணினியில் எழுதி, பெட்டிக்குள் போட்டேன். கீழே பில் ஓடத் தொடங்கியது. நான் இன்னும் சேமிக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை சார் வாயைத் திறந்தான்.

"பாத்தீங்களா மாமா, ஈரம் காஞ்சுருச்சு. அதான் வேலை செய்யுது."

தூ! இப்படியும் ஒரு பிறவியா! சேமிப்பதை அப்போதைக்கு வேண்டுமென்றே விட்டேன். பெட்டியின் முகத்தைத் துணியால் வழித்துத் துடைத்தேன். "அண்ணாச்சி, இங்கன ஒரு சொட்டுச் சந்தனம் இருக்கா, பாருங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, கரண்ட் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.

"ஏலே, கோட்டிக்காரா, என்னலே பண்ணுத!" என்று முதலாளி அலறினார். பெட்டி பைய எழுந்தது. பில் செத்துக் கிடந்தது. கீழே சனம் மறுபடி கத்தியது. அதே வரிகளைப் போட்டேன், பில் ஓடியது. சேமித்தேன். மறுபடி வயரைப் பிடுங்கிச் செருகினேன். இந்தத் தடவை பெட்டி எழுந்ததும் பில்லும் தானாக எழுந்தது. "சந்தனம் உள்ள போயிருந்தா பெட்டி செத்திருக்கும் அண்ணாச்சி. இது சாவல. மாப்பிள்ளை சார் சேமிக்காம விட்டதால எல்லாத்தையும் மறந்துட்டு" என்றேன்.

முதலாளி வியாபாரி, புரிந்துகொண்டார். மருமகனைப் பார்த்தார், அவன் செல்போனைப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "சரிம்மா, நீ வேலையிலயே இரி. ஆனா மாப்ள எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு பாரு. தெரியாம நடந்துட்டுன்னு ஒரு தாள்ல எழுதித் தாரோம், கையெழுத்து மட்டும் போட்டுரு" என்றார்.

அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மலையில ஒரு கையெழுத்துப் போட்டேன் மொதலாளி, இருந்த வீடு போச்சு. செய்யாத தப்புக்கு இன்னொண்ணு போட மாட்டேன்" என்றார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் வாசல்வரை கூடப் போனேன். "நீ சொன்னியே தம்பி, அது போதும்" என்றார். எதற்குப் போதும்? வாடகைக்கா, அடுப்புக்கா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான் அந்த அறையில்தான் நின்றேன். புதிதாகத் துடைக்க வந்த பெண் பெட்டியைத் தொடப் பயந்து கதவோரமாக ஒதுங்கிவிட்டாள். மாப்பிள்ளை சார் அவளிடமிருந்து கிண்ணத்தை வாங்கினான். தண்ணீர் தாராளமாக விட்டுத் தானே சந்தனம் குழைத்தான். விரலிலிருந்து சொட்டச் சொட்ட, பெட்டியின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டான்: "சேவ் பண்ணியாச்சுல்ல?"