கருநாக்கு

எனக்குக் கருநாக்கு என்கிறார்கள். நான் கெட்டது சொன்னால் அப்படியே பலித்துவிடுமாம். இந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு ஐஸ் மெஷின்.

கப்பலூரில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். தூத்துக்குடியில் ஒரு மீன்பிடிக் கப்பலை உடைத்தபோது அதிலிருந்த மெஷினை முதலாளி வாங்கி வந்திருந்தார். பெரிய உருளை. அதன்மேல் வழியும் தண்ணீர் உறைய உறைய, பிளேடு சுற்றிச் சுரண்டி செதில் செதிலாகக் கொட்டும். என் தங்கை வீட்டுக்காரரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். தங்கை மகளுக்கு ஐப்பசியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த மடி உரிமைக்காக அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷினை ஃபேனை நிறுத்துவது போல நிறுத்த முடியாது. முதலில் கேஸ் வால்வை மூடி, குழாயில் இருக்கும் கேஸ் முழுவதும் டேங்குக்குத் திரும்பும்வரை ஓடவிட வேண்டும். பிறகு கம்ப்ரஸர். உருளை சுத்தமான பிறகுதான் தண்ணீரும் பிளேடும். எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரஸருக்கு அடியில் ஒரு ஹீட்டர் சூடாகவே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. ஹீட்டர் ஆறிவிட்டால் கேஸ் எண்ணெய்க்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, உள்ளே இருப்பதெல்லாம் நொறுங்கும். இதையெல்லாம் மாப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று நான் வால்வை மூடிக்கொண்டிருக்கும்போதே, ராகு காலம் வந்துவிடும் என்று முதலாளி மெயினை இறக்கிவிட்டார். சிவப்பு விளக்கும் போய்விட்டது.

"மொதலாளி, ஹீட்டர் மட்டும் எரியட்டும்" என்றேன்.

"ஓய்வுன்னா முழு ஓய்வு. அடுப்பை மூட்டி வச்சுக்கிட்டு யாராச்சும் தூங்குவாகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் ஓட்டிவிட வேண்டும் என்று முதலாளி குடும்பத்தோடு வந்து நின்றார். கற்பூரம் காட்டினார்கள். கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஹீட்டரைப் போட்டுருவோம் மொதலாளி. சாயங்காலம் ஓட்டுவோம்."

"நேரம் குறிக்கிறது ஜோசியரா, நீயா?"

"இப்பப் போட்டா செத்துரும்."

கற்பூரம் எரியும்போது சொன்ன சொல் அது. முதலாளி வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, "நீ போடுப்பா" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டனை அழுத்தினார்.

அண்டாவுக்குள் ஜல்லியைப் போட்டு உருட்டியது போல ஒரு சத்தம். எண்ணெய்க் கண்ணாடியில் வெள்ளையாக நுரை ஏறியது. பிறகு சத்தமே இல்லை. தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட மெஷினைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்கள்.

"நாளும் கெழமையுமா வாய வச்சுட்டான்ல" என்றார் முதலாளி.

அன்றே என்னை நிறுத்திவிட்டார். என் இடத்துக்கு மாப்பிள்ளை வந்தார். வேலை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆபரேட்டருக்கு இன்னொரு கம்பெனி கிடைக்கும். ஆனால் தங்கை போனில் அழுதாள். "அவரு கை வைக்கிற நேரத்துல அந்தச் சொல்லு உனக்கு எதுக்குண்ணே?" கூடப் பிறந்தவள். அவளும் நம்பினாள். போனைச் சுவரில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

காதுகுத்துக்கு என்னைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. ஊர் கேட்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில் மனையில் உட்கார்ந்தேன். தங்கை பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து காதோரம் சொன்னாள்.

"அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகும். வாயை மட்டும் தொறந்துராத."

பிள்ளை என் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் மணத்தது. ஆசாரி கம்பியை எடுத்தார். அது நழுவி, கிடாய் கட்டியிருந்த மண்ணில் விழுந்தது. எடுத்து வேட்டியில் ஒரு துடை துடைத்தார். சுற்றி நின்றவர்கள் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். வாயைத் திறந்தேன். தங்கை கண்ணை உருட்டினாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மூடிக்கொண்டேன். கம்பி இறங்கியது, பிள்ளை அலறினாள், எல்லோரும் கை தட்டினார்கள்.

வாரம் முடிவதற்குள் காது சீழ் பிடித்து, கன்னம் வரை வீங்கி, கே.கே. நகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். தங்கை அறைக் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளை "மாமா" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளை என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"மச்சான், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு மடியில வச்சிருந்தப்ப மனசுக்குள்ள என்ன நெனைச்சீக?"