முருங்கைக்காய் வாள் தந்த பாவாயி அக்கா

தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நான் முதல் ஆளாக எழுந்து முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். வேறு யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பட்டறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாளிதான் தறிகளை நிறுத்தியிருந்தார். "நம்ம பாவாயி போயிட்டாளாமா சாமி," என்றார். மஞ்சள் காமாலை என்று சேலத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்; அக்கா உயிரோடு திரும்பவில்லை.

பாவாயி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டையாம்பட்டியில் எங்கள் பட்டறையில் தறி ஓட்டியவர். பிறந்த ஊர் எடப்பாடிப் பக்கம். அவருடைய அப்பா, நோம்பி என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாக்களில் வாள் வீசியவர். ஆண்பிள்ளை இல்லாததால் மகளுக்கே அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்கா அதைப் பட்டறைப் பெண்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கரண்ட் இருந்தால் தறி, போனால் முருங்கை மரத்தடியில் வாள். கரண்ட் அடிக்கடி போனதால் நாங்கள் சீக்கிரம் தேறினோம்.

முதல் நாள் ஆளுக்கொரு முருங்கைக்காயைக் கையில் கொடுத்தார். "இதுதான் வாளு. வீசிக்கிட்டே போயி, எதிராளி மேல படாம பக்கத்துல நிறுத்தோணும். ஒடிச்சீங்கன்னா அந்தக் காய் எனக்கு," என்றார். ஒடிந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் அக்காவின் மடி நிறையக் காய் போகும்.

"ஏனுங்க்கா, வித்தை சொல்லித் தாரீங்களா, கொழம்புக்குக் காய் சேக்கறீங்களா?" என்று பூங்கொடி கேட்டாள்.

"ரெண்டுந்தான் கண்ணு. நீங்கல்லாம் தேறிட்டா எங்கூட்டுக்காரரு வெறும் ரசம்தான் குடிக்கோணும்."

பூங்கொடி என் வயதுக்காரி. அவள் காய்தான் முதலில் ஒடியாமல் நின்றது. அக்கா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. வீட்டில் தனியாக வீசிப் பழகினேன். "கொழம்புல போடற காய எதுக்குடி ஆட்டறே?" என்று அம்மா திட்டினார். சில நாளில் என் காயும் ஒடியவில்லை. அதைத் தூக்கிக் காட்டத்தான் ஆள் இல்லை.

மாரியம்மன் நோம்பி வந்தது. அக்கா தம் அப்பாவின் இரும்பு வாளை வெளியே எடுத்தார். அது பூங்கொடியின் கைக்குப் போயிற்று. எனக்கு வேறு வேலை. ஒருத்தி தரையில் படுக்க வேண்டும். வயிற்றில் வைத்த வெள்ளரிக்காயை இன்னொருத்தி வாளால் வெட்டுவாள். மற்றவர்கள் படுத்ததும் சிரித்தார்கள். காய் உருண்டு ஓடியது. "இவ ஒருத்திதான் கல்லாட்டங் கெடக்கறா," என்று அக்கா என்னைப் படுக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் காயை வைத்துவிட்டு என் காதருகே குனிந்து, "மூச்சப் புடிச்சு வெக்காத சாமி. மெதுவா உடு," என்பார்.

பூங்கொடி வெட்டினாள். கூட்டம் விசிலடித்தது. நான் தாவணியில் ஒட்டிய விதைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அடுத்த நோம்பிக்கும் அவளே வெட்டினாள், நானே படுத்தேன். ஊரில் என் பெயரே 'வெள்ளரிக்காப் புள்ள' ஆகிவிட்டது. பூங்கொடியின் கையில் கொப்புளம் வந்தால் அக்கா விளக்கெண்ணெய் தடவி விடுவார். படுத்துக் கிடப்பவளுக்குக் கொப்புளம் வர வழியே இல்லை. அதற்காகக்கூட எனக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பொங்கல் கழிந்ததும் ஒருநாள் வாய் திறந்தேன். "நா எப்பங்க்கா வெட்டறது?"

அக்கா தம் காயைக் கீழே போட்டார். "இதக் கேக்க உனக்கு இத்தன காலமாச்சா? பூங்கொடி மொத நாளே கேட்டாளே! சரி, வர்ற நோம்பிக்கு நீ வெட்டு. நா படுத்துக்கறேன்."

"ஐயோ அக்கா, இவ கை நடுங்கும். உங்க வயிறு போச்சு!" என்றாள் பூங்கொடி.

"போனாப் போவுது. உங்களோட கத்திக் கத்தி அதுல என்ன மிச்சமிருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் அன்றுதான் பொறாமையைப் பார்த்தேன். எனக்கு மிகவும் பழகிய முகம் அது.

கோயிலில் நோம்பி சாட்டி நாள் அறிவிப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

அக்காவை அவர் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அக்காவின் கணவர், பழைய சேலையில் சுற்றியிருந்த வாளைக் கொண்டுவந்தார். "அவங்கப்பன் செத்தப்ப இவதான் வாள் வணக்கம் வெச்சா. இவளுக்கு யாரு வெக்கறீங்க?" என்றார். எல்லோரும் பூங்கொடியைத்தான் பார்த்தார்கள். அவள் போய் வாங்கினாள். அழவேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு அவள் கைமேல்தான் கண். அந்தக் கை நடுங்கியது. வாள் பாதி உயர்ந்து இறங்கிவிட்டது.

"நீ புடி புள்ள," என்று என்னிடம் நீட்டினாள். "உனக்குத்தான தர்றேன்னாங்க."

நான் நினைத்திருந்ததைவிட வாள் கனமாக இருந்தது. சொன்னபடியே அக்கா படுத்திருந்தார். ஓரிடத்தில் நிற்காதவர், அசையாமல் கிடந்தார். என்னால் மட்டும்தான் முடியும் என்று ஊரே சொன்ன ஒரே வித்தை அது. அதிலும் அவர் என்னை மிஞ்சிவிட்டார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மூச்சைப் பிடித்து வைத்திருந்தது நான்தான். மெதுவாக விட்டேன். வாளை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி, அவர் பாதத்தருகே கொண்டுபோய்ப் படாமல் நிறுத்தினேன்.

போய் வாருங்கள், அக்கா.