வேலு மச்சானின் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு ஒரு குடும்பம் தைலம் வாங்க வந்தது. பையனின் அப்பா விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே பையன் கையிலிருந்த செல்போன், "அதுக்கே குளிருதுன்னு போத்திக்கிட்டுக் கெடக்கூஊஊ!" என்று கீச்சிட்டது. பின்னாலேயே நூறு பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். பையன் சிரித்தான், அவன் அம்மாவும் சிரித்தாள். அப்பா என்னைப் பார்த்து, "சார், இந்தக் குரங்குக் குல்லா ஆளு இந்த ஊருதானாமே? செத்துட்டாராமே?" என்றார். "ஆமா, செத்துட்டார். ஒங்களுக்குத் தைலம் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். கொடைக்கானல் கடைக்காரனுக்கு மரியாதை தெரியாது என்று ஊருக்குப் போய் எங்காவது எழுதியிருப்பார்கள். எழுதட்டும்.

எதற்கய்யா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த முகம் எங்கள் வேலு மச்சானுடையது. அந்தக் குரல் அவருடையது இல்லை. அவர் இறந்த நாளிலிருந்து, வட்டக்கானலில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிற அவர் மகள் செல்வி, என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பா நெசமாப் பேசுனது எங்கயாச்சும் இருக்கா மாமா?"

தைலத்தைச் சொன்னதும் பூண்டு வாசம் ஞாபகம் வருகிறது. இரண்டும் எங்கள் கடையின் இரண்டு மூலைகள். பூண்டி ஊரிலிருந்து மலைப்பூண்டு வரும். வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்ட பூண்டு, பழுப்பேறி இருக்கும். அதை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறவர்தான் வேலுச்சாமி. எங்கள் அத்தாவை, அதாவது என் அப்பாவை, மாமா என்பார், என்னை மாப்ளே என்பார். நாங்கள் ராவுத்தர்கள், அவர் வேறு சாதி, ஆனாலும் எங்கள் பக்கம் அப்படித்தான் முறை வைத்துக் கூப்பிடுவோம். அவர் கடைக்குள் வந்துவிட்டுப் போனால் அவருடைய ஸ்வெட்டரின் புகை வாசம் சாயந்திரம் வரை நிற்கும்.

அவர் குரல் அடித்தொண்டைக் குரல். அவசரமே கிடையாது. ஒரு சொல்லைச் சொல்லி, அது நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொல்வார். முகத்தில் சிரிப்பே இருக்காது. நமக்குத்தான் வயிறு வலிக்கும். கடுகடு என்றிருக்கும் எங்கள் அத்தாவே அவர் பேச ஆரம்பித்தால் தராசை விட்டுவிட்டுச் சிரிப்பார்.

சேட்டிலைட் சேனல்கள் புதிதாக வந்த காலம் அது. ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, கொடைக்கானல் கெஸ்ட் ஹவுஸில் நடக்கிற கதை என்று ஒரு காமெடித் தொடர் எடுக்க வந்தார்கள். வாரம் ஒரு கதை. நான் அதில் லோக்கல் மேனேஜர். பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். குரங்கு விரட்டுவது, அடைத்துக்கொண்ட கக்கூஸுக்கு ஆள் கூட்டி வருவது, மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கினால் "இப்ப போயிரும் சார், இப்ப போயிரும் சார்" என்று டைரக்டரிடம் பொய் சொல்வது, இதுதான் என் சோலி. மஞ்சு என்னைக் கேட்டா போகும்?

ஒருநாள் வாட்ச்மேனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. ஒரே ஒரு வசனம்தான். பங்களாச் சமையலுக்குப் பூண்டு கொண்டுவந்த வேலு மச்சானைக் கையோடு பிடித்து நிறுத்தினேன். குரங்குக் குல்லாவும் கம்பளியும் அவரே போட்டுக்கொண்டு வந்ததுதான். வந்திறங்கிய விருந்தாளி, "ஹீட்டர் இருக்கா?" என்று கேட்க வேண்டும், இவர் "இருக்கு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மச்சான், "இருக்குங்க" என்றார். கொஞ்சம் நின்றார். "ஆனா, அதுக்கே குளிருதுன்னு போத்திக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

கேமராமேன் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஆடியது. லைட் பிடித்தவர்கள், டீ கொடுத்தவர், பூண்டு வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த நடிகை, அத்தனை பேரும் சிரித்தார்கள். அது சிரிப்பு. யாரும் பிற்பாடு ஒட்டவைத்தது இல்லை. டைரக்டர் அங்கேயே அவரை நிரந்தரமாக்கிவிட்டார். மப்ளர் மாணிக்கம் என்று பெயரும் வைத்தாயிற்று. தலையில் இருந்தது மப்ளரே இல்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அந்தத் தொடரில் ஷூட்டிங்கின்போது பேசுவது சும்மா அடையாளத்துக்குத்தான். பிறகு சென்னையில் டப்பிங் நடக்கும். மற்ற நடிகர்கள் போய்த் தங்கள் வசனத்தைத் தாங்களே பேசினார்கள். வேலு மச்சானும் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூப்பிடவே இல்லை. கேட்டால், "இந்த மலைத் தமிழ் யாருக்கு சார் புரியும்? வாய்ஸ்ல காமெடியே இல்ல" என்றார் டைரக்டர். அட நாசமாய்ப் போகிறவனே, உன் யூனிட்டே உருண்டு சிரித்ததே, அது எந்த பாஷை புரிந்து? அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்று நினைக்காதீர்கள். திறந்தேன். "ஒனக்கு இதெல்லாம் தெரியாது, போய்க் கொரங்க வெரட்டு" என்றார்.

யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, மலைக்காரன் என்றால் இப்படித்தான் கத்துவான் என்று முடிவு கட்டி, கீச்சுக் குரலில் பேசவைத்தார்கள். மச்சான் நிறுத்தி நிறுத்திச் சொன்ன கெடக்கு, ஊளையிடுகிற கெடக்கூஊஊ ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் டப்பாவில் அடைத்து வைத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சிரித்தவர்கள் யார்? எந்த ஊர்க்காரர்கள்? எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? யாருக்குத் தெரியும்!

முதல் கதை ஒளிபரப்பானபோது பூண்டியில் டிவி இருந்த ஒரு வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்ததாம். டிவியில் மச்சான் வாயைத் திறந்ததும் கீச்சுக் குரல். ஊர் சிரித்தது. மச்சானின் ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குத் தொண்டை போய்விட்டது என்றே அந்தம்மா நினைத்துக்கொண்டது. விடிந்ததும் விடியாததுமாகச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சி, ஒரு தூக்குவாளியில் ஊற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டது. கூடவே சேதி: "பனியில நின்னு பேசாதேலே. கொரல் சரியாகுற வரைக்கும் வீட்டுக்கு வந்துரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மச்சான் பங்களாப் படியில் உட்கார்ந்து அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டு வாளியை என்னிடம் நீட்டினார்.

"ஆத்தா கேட்டா, கொரல் சரியாப் போச்சுன்னு சொல்லிரு மாப்ளே."

"நெசத்தச் சொன்னா என்ன மச்சான்?"

"எம்மவன் பேச்சு நல்லால்லன்னு வேற ஆள வச்சுப் பேசிட்டாகன்னு அது ஊரெல்லாம் சொல்லி அழும். வேணாம்."

தொடர் பல வருஷம் ஓடியது. மச்சான் பெரிய ஆளாகிவிட்டார். ஏரிக்கரையில் நடந்தால் வெளியூர்க்காரர்கள் ஓடி வந்து தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். பாச்சலூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். மைக்கைப் பிடித்து, தன் குரலில், "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று ஆரம்பித்தார். கூட்டம் அமைதியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், "டேய், இது டூப்ளிகேட்டுடா!" என்று கத்தினான். விசில் பறந்தது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, தொண்டையை நெரித்துக்கொண்டு, "கெடக்கூஊஊ!" என்றார். பந்தலே பிய்ந்துபோகிற மாதிரிக் கைதட்டல்.

அதிலிருந்து அப்படித்தான். எவனோ அவரைக் கேலி செய்த குரலை அவரே படித்துக்கொண்டு பேச வேண்டியதாயிற்று. கல்யாண வீட்டிலும் அதுதான், கட்சிக் கூட்டத்திலும் அதுதான். தொடர் முடிந்த பிறகு வந்த ஒன்றிரண்டு வேஷங்களுக்கும், குல்லாவோடும் கீச்சுக் குரலோடும் வரச் சொன்னார்கள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மறுபடி பூண்டுக்கே போனார். செல்போன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். யாராவது படம் பிடிக்கப் போனைத் தூக்கினால் போதும், அவர் குரல் தானாக மேலே ஏறிவிடும். பெற்ற மகள் தூக்கினாலும் அதே கதைதான். போனை இறக்கியதும், "சாப்டியாத்தா?" என்று பழைய குரலில் கேட்பாராம். அதை யார் எடுத்து வைத்தார்கள்?

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தியில் காட்டினார்கள். ஆழ்ந்த இரங்கல் என்று எழுத்து ஓடுகிறது, மேலே அந்த ஹீட்டர் காட்சி, அதோடு டப்பாச் சிரிப்பும். ஒரு மனுஷன் செத்த செய்தியில் சிரிப்பை அமத்தக்கூடத் தோன்றவில்லை அந்தப் புண்ணியவான்களுக்கு. நான் ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, திண்டுத் தலையணையில்தான் விழுந்தது.

செல்விக்காகப் பழைய எடிட்டரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஷூட்டிங்கில் பதிந்த சத்தம் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பவே அழிச்சு, அதே டேப்புல அடுத்த எபிசோடு எடுத்துருப்போம் சார். ஏன், அவர் காமெடிதான் நெட்டு பூரா இருக்கே?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று செல்வி கடைக்கு வந்தாள். எடிட்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் அழவில்லை. பூண்டு மூட்டைப் பக்கம் நின்று அந்த வாசத்தை ஒருதரம் இழுத்துக்கொண்டாள்.

"கண்ண மூடுனா அந்தக் கீச்சுத்தான் மாமா கேக்குது. எங்கப்பா பேசுறதே மறந்து போயிரும்போல. நீங்க எத்தன வருசம் கூட இருந்தீக. ஒருதரம் அது மாதிரி பேசிக் காட்டுங்க."

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். இப்போது இதை உங்களுக்குச் சொல்லும்போதும் உள்ளே கேட்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். கீழே இறக்கி, நிதானமாக, "இருக்குங்க" என்றேன். கொஞ்சம் நின்றேன். சரியாகத்தான் வந்தது. செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா, அதுக்கே குளிருதுன்னு போத்திக்கிட்டு" என்று அடுத்ததை எடுத்தேன். என்னையும் மீறிக் குரல் மேலே ஏறியது. கெடக்கூஊஊ என்றுதான் முடிந்தது.

கடையில் சாக்லேட் வாங்க வந்து நின்ற ஒருவர் கைதட்டி, "சூப்பர் சார், அப்படியே இருக்கு!" என்றார்.

"கடையச் சாத்தப் போறேன், வெளிய போங்க" என்று அவரிடம் கத்திவிட்டுத் திரும்பினேன். செல்வி அதற்குள் படியிறங்கிப் போயிருந்தாள்.