பதினேழாம் நம்பர் ஸ்டாம்ப்

முத்துச்செல்விக்குப் பயம் என்றால் கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. பல்லி விழுந்தால் பயம், ஒரகடம் சந்திப்பில் ரோடு கடக்கப் பயம், கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கப் பயம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறோம். நான் தாழ் போட்ட கதவை அவள் எழுந்துபோய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். "ஏட்டி, பேயே வந்தாலும் உன் முழியப் பாத்துட்டு ஓடிரும்" என்று கிண்டல் செய்வேன். அவளுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம்; எனக்குத் தென்காசி பக்கம். என் பெயர் சுகப்பிரியா. எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினை என் வாயால்தான் வந்தது.

வல்லம் வடகாலில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இறக்கையில் ஃபேன் மாதிரி சுற்றும் காத்தாடி வைத்துப் பறக்கிற பயணிகள் விமானங்களுக்குச் சின்னச் சின்ன சாமான்கள் செய்கிறோம். நான் பேக்கிங். முத்துச்செல்வி விரல் நீளப் பின்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அதனதன் சீட்டில் ஸ்டாம்ப் குத்துவாள். அளந்து பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் ஸ்டாம்ப் உண்டு. அவளுடையது பதினேழு. சாப்பிடப் போகும்போதுகூட அதைக் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள்.

வேலைக்குச் சேர்ந்த வாரம் மேதா மேடம் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. சுவரில் பழைய விமானப் படங்களைக் காட்டினார். ஆரம்பத்தில் காத்தாடி, மரத்தில் செய்த ஒரே துண்டாக இருந்ததாம். நடு வானத்தில் இன்ஜின் நின்றுபோனால், செத்த காத்தாடியைக் காற்று சுழற்றிக்கொண்டே இருக்கும். விமானத்தைப் பின்னால் இழுக்கும். முறத்தை அகலமாகப் பிடித்துக்கொண்டு காற்றில் நடந்தால் இழுக்குமே, அப்படி. விளிம்பைக் காட்டினால் இழுக்காது. அதனால் காத்தாடியின் இறக்கைகளைத் திருப்பி விளிம்பைக் காட்டுகிற வித்தையைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். ஜனங்களை நம்பி ஏற்ற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் மேடம். நாங்கள் செய்யும் பின் அந்தத் திருப்புகிற இடத்துக்குப் போவது.

எல்லோரும் தலையாட்டினோம். முத்துச்செல்வி மட்டும் எழுந்து, "அந்தப் பின் எறுகித் திரும்பாம நின்னுட்டுன்னா என்ன மேடம் ஆவும்?" என்று கேட்டாள்.

"அப்படி ஆகக் கூடாதுன்னுதான் உன்னை அங்க உட்கார வைக்கறோம்" என்றார் மேடம்.

அன்று மத்தியானம் அவள் சோற்றைத் தொடவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பின்னையும் மூன்று இடத்தில் வைத்து இரண்டு தடவை அளப்பாள். சூப்பர்வைசர் வேல்ராஜ் கத்துவார். அவள் காதில் ஏறாது. நாலு வருஷத்தில் பதினேழாம் நம்பர் பார்த்த சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன மாசம் அவள் அம்மா செல்லக்கனி வந்து எங்களோடு ஒரு வாரம் தங்கினார். "எம்மவதான் பிளேன் செய்யுதா" என்று ஊரில் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். ஆனால் அம்மாவும் சரி, மகளும் சரி, விமானத்தில் கால் வைத்ததில்லை. அம்மாவை ஊரில் கொண்டுபோய் விட முத்துச்செல்வி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தூத்துக்குடி விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டாள். பயந்தாங்கொள்ளிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ!

அன்றைக்குப் பார்த்து ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிவது இரண்டரைக்கு, கம்பெனி பஸ் கிளம்புவது இரண்டே முக்காலுக்கு. எல்லோரும் ஏறிவிட்டோம், அவளைக் காணோம். "இன்னாம்மா, உன் ஃபிரண்டு வராளா இல்லியா? நான் எட்துக்கினு போய்க்கினே இருப்பேன்" என்றார் டிரைவர் எழிலரசன். நான் இறங்கி ஓடி, அளக்கிற அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினேன்: "ஏட்டி முத்து! பஸ் போவுது! பிளேனையும் விட்டுட்டு அம்மாவ நடத்தியே ஊருக்குக் கூட்டிட்டுப் போவப் போறியா?" உள்ளே அவள் கை படபடவென்று நாலு தடவை ஸ்டாம்ப் குத்தியதைப் பார்த்தேன். ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. விமானப் பயம் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"சுகா, கடைசி நாலு பின்ன நான் அளக்கல." "அளக்காமலே குத்திட்டேன்."

"வாய மூடு. யாருக்குத் தெரியும்? வேலை போயிரும்ட்டி!"

"எனக்குத் தெரியுமே. சன்னலுக்கு நேரா காத்தாடி நிக்கி. இதுக்குள்ளயும் நாம செய்யுத மாதிரி ஒரு பின் இருக்கும்லா? எங்கேயோ ஒருத்திதான் அதுக்கும் குத்தியிருப்பா. அவளுக்கும் அன்னைக்கு ஒரு பஸ் இருந்திருக்குமோன்னு நெனச்சேன். கையும் ஓடல, காலும் ஓடல."

பக்கத்தில் செல்லக்கனியம்மாவின் குரல் பெருமையாகக் கேட்டது: "ஏளா, இந்தக் காத்தாடி நீ பாத்து விட்டதா?"

"உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கல்லா, மேடம் போன் லாக்கர்ல இருக்கும், எடுக்க மாட்டாங்க. ஏழு மணிக்கு அந்தப் பெட்டிய லாரில ஏத்தி அனுப்பிருவாங்க. நீ போ சுகா, ஒன் கையக் காலா நெனச்சிக் கேக்கேன்." அதோடு போன் அணைந்தது.

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் என் புத்தி கெட்ட புத்தியாகவே ஓடியது. லாரி போய்விட்டது என்று அவளிடம் சொல்லிவிடலாமா? ஆட்டோ கவிழ்ந்தது என்று சொல்லலாமா? அதற்குள் தலைக்கு மேல் ஒரு விமானம் சத்தத்தோடு போனது. வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். அவளுடையதா இல்லையா, தெரியவில்லை. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று மட்டும் சுடலைமாடனை வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. மேதா மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன், நான் கத்தியதையும் சேர்த்து. அவர் உடனே பெட்டியை இறக்கச் சொன்னார். அந்த நாலு பின் எவை என்று யாருக்குத் தெரியும்? பெட்டியில் இருந்த நாற்பதையும் மேஜையில் பரப்பி அவரே ஒவ்வொன்றாக அளந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அங்கே அவள் வானத்தில்; இங்கே ஒரு பின், அடுத்த பின். ஒவ்வொன்றையும் அவர் அளந்து வைக்க வைக்க விரல் விட்டு எண்ணினேன்.

நாற்பதும் சரியாக இருந்தன.

கேட்டுக்கு வெளியே வந்து போனை வாங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள். இறங்கிவிட்டார்களாம். "அளந்தாங்களா?"

"நாப்பதும் சரியா இருக்கு! கிறுக்கி! ஒண்ணுமில்லாததுக்குப் போயி பொழப்பக் கெடுத்துக்கிட்டியே!" திட்டிக்கொண்டே அழுதேன்.

"சரியா இருக்குன்னு இப்பத்தாம்ட்டி தெரியும்" என்றாள். "மத்தியானம் எனக்குத் தெரியாதுல்லா."

வேலை போகவில்லை. ஸ்டாம்பை மட்டும் பிடுங்கி மேடம் தன் மேஜையில் வைத்துப் பூட்டினார். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. முத்துச்செல்வி என் பக்கத்தில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். வெறும் இடுப்பை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வாள். என்னால் பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் யாராவது உள்ளே வேலையாக இருந்தால் நான் கத்துவதில்லை. எழிலரசன் அண்ணனிடம் போய், பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

நேற்று மேடம் அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"பயம் போயிடுத்தா?" என்று கேட்டார்.

முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மேடம். கூடிட்டு."

மேடம் மேஜையைத் திறந்து, பதினேழாம் நம்பரை எடுத்து அவள் கையில் வைத்தார்.